நாற்பத்தொன்றாம் எண் பெட்டி

ஹாகன் வேலி, விஸ்கான்சின்
ஞாயிறு பிற்பகல், மே 26, 1968

அன்புள்ள மகன் வெர்லினுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் தங்கை மார்லிஸும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படித்தான் இருக்கிறாய் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கும். உன் கடைசிக் கடிதம் ஏப்ரல் 29 தேதி போட்டது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றுமில்லை. மழை பிடித்துவிட்டது, மலைமேல் முகாம் மாற்றுகிறார்கள், எழுத நேரம் கிடைக்காது என்று எழுதியிருந்தாய், ஒத்துக்கொள்கிறேன், நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான், ஆனால் இருக்கிறேன் என்று ஒரு வரி எழுத ஒரு நிமிஷம் போதும். தினமும் காலை ஏழு மணிக்கு ஆபீஸில் தபால் பிரிக்கும்போது வெளிநாட்டிலிருந்து வரும் பட்டாளக் கடிதங்களைத்தான் முதலில் புரட்டுகிறேன். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிவிடுகிறாள்.

சாதாரணச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாடுகளும் கறவையில் இருக்கின்றன. அந்தக் கோணல் கொம்புக்காரி இந்த முறை கிடாரிக் கன்று போட்டிருக்கிறாள், கன்றுக்கும் அவள் புத்திதான், வாளியில் வாய் வைப்பேனா என்கிறது. விடிவதற்கு முன்னே கறந்து, பாத்திரம் கழுவி, ஆபீஸுக்கு ஓடுவதற்குள் என் இடுப்பு கழன்றுவிடுகிறது. நீ இருந்தபோது உன்னைத் திட்டிக்கொண்டே செய்த வேலை, இப்போது திட்ட ஆளில்லாமல் செய்கிறேன். மார்லிஸ் வெள்ளிக்கிழமை பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். மேடையில் ஏறும்போது செருப்பு தடுக்கிப் பிரின்சிபால் மேலேயே விழப் பார்த்தாள். கைதட்டல் அவளுக்குத்தான் அதிகம். கிழக்கு வயலில் சோளம் விதைத்தாயிற்று. உன் காரைக் கொட்டகைக்குள் தள்ளி மூடி வைத்திருக்கிறேன், வாரம் ஒரு தடவை கிளப்பி விடுகிறேன், எலி கூடு கட்டவில்லை, கவலைப்படாதே.

இனி எழுத வேண்டியதற்கு வருகிறேன். ஒரு கெட்ட செய்தி இருக்கிறது. நம் வீட்டில் இல்லை. அதை ஒரே வரியில் எழுதி முடிக்க நாலு தடவை முயன்று நாலு தாளையும் அடுப்பில் போட்டுவிட்டேன். பத்தொன்பது வருஷமாகச் சாலையோரத் தபால் பெட்டிகளில் ஒன்றாம் பெட்டியில் தொடங்கிக் கடைசிப் பெட்டியில் முடிக்கிறவன், எனக்கு எதுவும் வரிசையாகத்தான் சொல்ல வரும். நீயும் நடுவில் தாண்டிக் கீழே போகாமல் வரிசையாகவே படி. இதில் உன்னிடம் கேட்க ஒரு காரியமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வருஷம் ஏப்ரலில் நம் ஊர்த் தபால் தடங்கள் இரண்டையும் ரூட் 2 என்று ஒன்றாக்கியது உனக்குத் தெரியும். நீ அதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே பட்டாளத்துக்குப் போய்விட்டாய், அதனால் முழுசாகத் தெரிந்திருக்காது. பெட்டி எண்கள் எல்லாம் மாறின. நம் வீடு 41 ஆக இருந்தது, 58 ஆயிற்று. 41 என்ற எண் மெல்வின் ப்ரெக்கே வீட்டுக்குப் போயிற்று. தடம் முழுவதும் நான்தான் போய் ஒவ்வொருவரிடமும் அட்டை கொடுத்து, உறவுக்காரர்களுக்கும் பாங்குக்கும் புது எண்ணை எழுதிப் போடுங்கள் என்று தொண்டை வறளச் சொன்னேன். பெட்டியில் பழைய எண்ணை அழிக்காதவர்களுக்கு நானே பெயிண்ட் டப்பாவோடு போய் அழித்து எழுதினேன். மெல்வின் வேலியில் சாய்ந்துகொண்டு, "யோவ் செல்மர், உன் நம்பரை எனக்குக் குடுத்துட்டியே, உன் வீட்டுக்கு வர்ற நல்ல தபாலெல்லாம் எனக்கு வருமா, இல்ல என் விதைக் கடைப் பில்லெல்லாம் உனக்கு வருமா?" என்று கேட்டுச் சிரித்தான். ஊர் முழுக்க மாற்றினேன். நம் வீட்டுப் பெட்டியை மட்டும் மாற்றவில்லை. நம் வீட்டுத் தபாலை நான் எப்போது பெட்டியில் போட்டேன்? ஆபீஸிலேயே எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறவன். அந்தப் பெட்டியில் குருவிதான் குடியிருந்தது. எந்த எண் போட்டு வந்தாலும் நம் பெயரைப் பார்த்து என் கைதானே எடுக்கப்போகிறது என்று இருந்துவிட்டேன். உனக்கும் அதை எழுதி, பட்டாளக் காகிதத்தில் எண்ணை மாற்றச் சொல்லவில்லை. வேறு எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான், தபால்காரன்தான் செய்வான்.

மெல்வின் மகன் ஆர்லன் பட்டாளத்துக்குப் போனது செப்டம்பரில். அவன் காகிதத்தில் 41. நீ போனது பிப்ரவரியில். உன் காகிதத்திலும் 41.

மே 14, செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால் இருக்கும். நான் பாதித் தபால் பிரித்திருந்தேன். பட்டாளத்துப் பச்சைக் கார் ஒன்று ஆபீஸ் முன்னால் வந்து நின்றது. ஒரு காப்டன், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவன் இருப்பான், கூட வயதான ஒரு சார்ஜெண்ட். இருவரும் கையில் தொப்பியோடு உள்ளே வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் கோரா லுண்டைப் பார்த்து காப்டன் கேட்டான், "மேடம், ரூட் ரெண்டு, பெட்டி நாப்பத்தொண்ணு எங்க இருக்குன்னு சொல்ல முடியுமா? நாங்க ரோடு பூராப் பாத்துட்டோம். ரெண்டு இடத்துல நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு, ரெண்டுலயும் பேர் இல்ல." இங்கே எவன் பெட்டியில் பேர் எழுதுகிறான், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியுமே. கோரா என் பக்கம் திரும்பினாள். "செல்மரைக் கேளுங்க, நம்பர் போட்டதே அவர்தான்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது, கையிலிருந்த முத்திரையை மேசைமேல் வைத்தாள், நேராக வைக்க வரவில்லை, அது உருண்டு போயிற்று.

பட்டாளக் கார் எதற்கு வரும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பெயர் என்ன என்று நான் கேட்டிருக்கலாம். அவன் அதிகாரமில்லை என்று சொன்னாலும், என் பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். கேட்கவில்லை, சொல்லவுமில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள், "தெரியும், என் பின்னாலயே வாங்க" என்று சொல்லிவிட்டுப் பிரித்தவரைக்கும் இருந்த தபால் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு எந்த வீடு என்று தெரியவே தெரியாது, வெர்லின். பொய் சொன்னேன். என் பெயரை நான் சொல்லாதவரைக்கும் அது என் வீடு இல்லை என்று என்னவோ ஒரு கணக்கு.

என் அம்மாவைப் பற்றி ஒரு கதை சொல்வேனே, நினைவிருக்கிறதா? பெல்ஜியத்தில் பனியில் என் கால் விரல் மூன்று போன சமயம், நான் காயம்பட்ட தந்தியை எடுத்துக்கொண்டு அப்போதைய தபால்காரர் நில்ஸ் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். அவர் கையில் மஞ்சள் உறையைப் பார்த்ததும் அம்மா மாட்டுக் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வாங்கினால்தானே செய்தி, நான் வாங்க மாட்டேன் என்று உள்ளே இருந்தே கத்தினாளாம். நில்ஸ் அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, காயம்தான், உசிர் இருக்கு, தொறங்க" என்று கெஞ்சினாராம். யுத்தம் முடிந்து நான் திரும்பியபோது நிலம் அண்ணனுக்கும் எனக்கும் சேர்த்துப் போதவில்லை, தபால் பரீட்சை எழுதினேன், பட்டாளத்து ஆள் என்று மதிப்பெண்ணும் கூட்டிக் கொடுத்தார்கள். ஆனால் இந்த வேலையைக் கேட்டு வாங்கியது நில்ஸை நினைத்துத்தான். இருபது வருஷமாக அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இனிமேல் சிரிக்க மாட்டேன்.

காரை எடுத்தேன். நம் பழைய ரேம்பிளர்தான், எப்போதும்போல பெட்டிகளுக்குக் கை எட்ட வலது பக்க இருக்கையில் உட்கார்ந்து, இடது பக்கம் இருக்கிற ஸ்டியரிங்கை இடது கையாலும் பெடலை இடது காலாலும் எட்டிப் பிடித்து. பின்னால் பச்சைக் கார். ஊர் எல்லை தாண்டியதும் முதல் பெட்டி. அடுத்ததைச் சொன்னால் நம்ப மாட்டாய். நான் நிறுத்தினேன். பெட்டியைத் திறந்து தபாலைப் போட்டு மூடினேன். இரண்டாம் பெட்டியிலும் நிறுத்தினேன். மூன்றாம் பெட்டியிலும். பத்தொன்பது வருஷத்துக் கை, மூளையைக் கேட்காமல் அதுபாட்டுக்குச் செய்தது. இல்லை, அதுமட்டுமில்லை, உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும், ஒவ்வொரு பெட்டியிலும் நின்றால் சர்ச் முக்கு வந்துசேர நேரமாகும். அங்கே இடது பக்கம் திரும்பினால் ப்ரெக்கே வீடு, வலது பக்கம் திரும்பினால் நம் வீடு. நான் எந்தப் பக்கம் திரும்புவேன்?

பின்னால் வந்த பச்சைக் காரும் நான் நின்ற இடத்திலெல்லாம் நின்றது. அதை நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் திரை விலகியது. தபால்காரன் நிற்கிறான், அவன் பின்னால் பட்டாளக் கார் நிற்கிறது, வீட்டு முன்னாலேயே நிற்கிறது. ஏழாம் பெட்டியில் வெர்னா ஸ்டென்ஸ்ருட், அவள் பையன் கப்பல் படையில் இருக்கிறானே, கையெல்லாம் மாவோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். செருப்புக்கூட இல்லை, சரளைக் கல் மேலே ஓடி வந்தாள். "செல்மர், சொல்லிடு, சொல்லிடு" என்று என் கார் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளிடம் ஒரு விதைப் பட்டியல் புத்தகத்தையும் மின்சாரக் கட்டணச் சீட்டையும் நீட்டினேன். "உங்க வீடு இல்ல வெர்னா" என்றேன். அவள் அப்படியே பெட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். மாவு கம்பமெல்லாம் ஒட்டியிருந்தது. நான் எட்டாம் பெட்டிக்குப் போனேன்.

பதினொன்றாம் பெட்டியில் சார்ஜெண்ட் இறங்கி நடந்து வந்தார். கோபம் இல்லை, என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சார், உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? இப்படி வீட்டுக்கு வீடு நின்னா ஊரே செத்துச் செத்துப் பொழைக்குது சார்" என்றார். நான் ஸ்டியரிங்கை விடாமல், "ரெண்டுல ஒண்ணு என் வீடு" என்றேன்.  அவர் கையைக் காட்டிக் காப்டனைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை ஓடி வந்து தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சார், உங்க பேர் என்ன?" என்று கேட்டான். ஆர்டென் காட்டில் குண்டு மழைக்கு நடுவே எழுந்து ஓடு என்றபோது ஓடியவன் நான். என் பெயரைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. பால் பீய்ச்சுகிற சத்தம் மாதிரி காதுக்குள் ஏதோ இரைந்தது. கடைசியில் சொன்னேன், "ட்வைட். செல்மர் ட்வைட்." காப்டன் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "இல்ல சார், உங்க வீடு இல்ல" என்றான்.

நான் அவனுக்கு நன்றி சொன்னேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னேன், அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என் முகத்தில் சிரிப்புக்கூட இருந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். உன் வீடு இல்லை என்றால் யார் வீடு என்பது எனக்கு ஒரு முழு மூச்சு விட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. மெல்வின் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரே குதிரையில் போனவன். ஆர்லன் நம் சமையலறை மேசையில் உன் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்த பிள்ளை. அவன் செத்ததற்கு நான் நன்றி சொன்னேன், வெர்லின். இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், ஏனென்று எனக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பெட்டியிலும் நிற்கவில்லை, ஒன்றில் மட்டும் நின்றேன். ப்ரெக்கே வீட்டுப் பெட்டியில் சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கொடி ஏறியிருந்தால் உள்ளே எடுத்துப்போகத் தபால் இருக்கிறது என்று அர்த்தம், நின்றே ஆக வேண்டும், கை தானாகப் போயிற்று. உள்ளே ஒரு கடிதம். அம்மா ஹேஸலின் உருண்டைக் கையெழுத்தில் மகன் ஆர்லனுக்கு. எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக் கொடியை இறக்கிவிட்டு வீட்டுப் பாதையில் திரும்பினேன்.

மெல்வின் டிராக்டரில் விதைத்துக்கொண்டிருந்தான். என் காரையும் பின்னால் பச்சைக் காரையும் பார்த்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி உழவு மண்ணில் குறுக்கே நடந்து வந்தான், பாதி வழியில் ஓடத் தொடங்கினான். நான் இறங்கி நின்றேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டான். "ஐயோ செல்மர்... நம்ம வெர்லினா?" என்று கேட்டான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வீட்டுல ஆர்டிஸ்கிட்டச் சொல்லப் பயமா இருக்கா? அதுக்குத்தான் நேரா இங்க வந்தியா? நல்ல காரியம் பண்ணினே, தனியாப் போகாதே, நாங்க இருக்கோம்" என்றவன் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஹேஸல், கோட்டை எடு, ட்வைட் வீட்டுக்குப் போகணும்" என்று கூப்பிட்டான். என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் கண்ணில் தண்ணீர். உனக்காக அழுதான். காப்டன் எனக்குப் பின்னால் சரளையில் நிற்கிறான். நான்தான் சொன்னேன், "இல்ல மெல்வின்." அவ்வளவுதான் சொன்னேன். தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. ஹேஸல் நமக்காக ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நம் அம்மாவுக்குக் கொடுக்க ஒரு பாட்டில் ஜாமும் கையில் எடுத்துக்கொண்டு வாசல் கதவைத் திறந்து வந்தாள்.

மே 9, ஆற்று டெல்டா பக்கம், படகில் போகும்போது நடந்தது என்று காப்டன் சொன்னான். வேதனை இல்லாமல் போனான் என்றும் சொன்னான், எல்லோருக்கும் அப்படித்தான் சொல்வார்கள், நீ அதை நம்பவும் வேண்டாம், எதிர்த்துக் கேட்கவும் வேண்டாம். உன் சிநேகிதனைப் பற்றி இப்படி ஒரு கடிதத்தில் உனக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கிறது, என்னை மன்னித்துக்கொள். எங்கேயாவது தனியாகப் போய் அழ இடமிருந்தால் அழுதுவிடு. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார், கவனம் சிதறாமல் இரு.

பாதிரியார் வரும்வரை அங்கே இருந்துவிட்டு மீதித் தபாலைப் போட்டு முடித்தேன். அங்கேதான் அன்றைக்கு எனது இன்னொரு முட்டாள்தனம். அவர்கள் ஆபீஸுக்கு வருவதற்கு முன் இரண்டு 41-ஐயும் பார்த்திருந்தார்களே, அதில் ஒன்று நம் பெட்டியாயிற்றே, அது என் மண்டையில் ஏறவில்லை. காலை ஏழே முக்காலுக்கு நம் வீட்டு முன்னால் பட்டாளக் கார் நின்றிருக்கிறது. அம்மா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள் பார்த்திருக்கிறாள். சார்ஜெண்ட் இறங்கிப் பெட்டி எண்ணைப் பார்த்து, காகிதத்தைப் பார்த்து, வீட்டைப் பார்த்து, மறுபடி ஏறித் திரும்பிப் போயிருக்கிறார். ஒரு மணிக்கு நான் போய்ச் சேரும்போது அவள் சமையலறைப் படியில் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாதித் துணி கொடியில், பாதி கூடையில் ஈரமாக. டெலிபோன் செய்யவில்லையா என்றேன். "எடுத்தா யாராவது சொல்லிடுவாங்க" என்றாள். அச்சு அசலாக என் அம்மாவின் பேச்சு. "யாரு?" என்று கேட்டாள். "ஆர்லன்" என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள், பிறகு எழுந்து உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து ப்ரெக்கே வீட்டுக்குக் கொண்டுபோகக் கறியும் நூடுல்ஸும் ஒரு பெரிய பாத்திரத்தில் சேர்க்கத் தொடங்கினாள். என் பக்கம் திரும்பாமலேயே, "பெயிண்ட் டப்பா கராஜ்ல ஒரு வருஷமா இருக்கு செல்மர். ஊருக்கெல்லாம் எழுதின கை, நம்ம வீட்டுக்கு மட்டும் வலிச்சுதா?" என்றாள். நான் எழுந்து போவதற்குள், "நீ தொடாதே" என்றாள். அன்று சாயங்காலம் அவளே போய்க் குருவிக் கூட்டைப் பத்திரமாக எடுத்து வேலியோரப் புதரில் வைத்துவிட்டு 58 என்று எழுதினாள். எட்டின் மேல்வட்டம் கோணல்தான், ஆனால் பாதி மைலுக்கு அப்பாலிருந்தே தெரிகிறது. மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று அடக்கம் நடந்தது. நாங்கள் பழைய பட்டாளக்காரர்கள் ஏழு பேர் நின்று மரியாதைக்கு வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டோம். என் பழைய சீருடை வயிற்றில் பொத்தான் போட முடியவில்லை, மார்லிஸ் பின்னூசி குத்திவிட்டாள். ஆர்லனுக்காக வந்த கூட்டம் சர்ச்சுக்கு வெளியேயும் நின்றது. வெர்னா ஸ்டென்ஸ்ருட் என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் போய்விட்டாள், அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அடக்கம் முடிந்து சர்ச்சுக்குக் கீழ் அறையில் காப்பியும் உருளைக்கிழங்கு லெஃப்சே ரொட்டியும் கொடுத்தார்கள்.

ஹேஸலின் கடிதம் பன்னிரண்டு நாளாக என் சட்டைப்பையில் இருந்தது, சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி மாற்றி வைத்தேன். எடுத்த தபாலை ஒரு ராத்திரி தங்கவைத்தாலே குற்றம். அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அங்கே போய், ஆள் இல்லை என்று முத்திரை குத்தித் திரும்பி வரும், அதை நான்தான் அவள் பெட்டியில் போட வேண்டும். அனுப்பாவிட்டால் பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் செய்த சத்தியத்துக்கு என்ன அர்த்தம்? கடைசியில் நேற்று அந்த அறையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. "கொடி ஏத்தி வச்சேன், நீ எடுத்தே. எடுத்தா அனுப்பணும்" என்றாள். "முத்திரை குத்தித் திரும்பி வரும் ஹேஸல்" என்றேன். "வரட்டும். அது வர்ற வரைக்கும் தினம் பெட்டி வரைக்கும் நடந்து போக எனக்கு ஒரு காரியம் இருக்கும்" என்றாள். மெல்வின் பக்கத்தில் வந்து நின்றான். என்னைப் பார்த்து, "நம்ம பையன்கிட்டேருந்து கடிதம் வந்துதா?" என்று கேட்டான். நம்ம பையன் என்றான், உன்னைச் சொன்னான். இல்லை என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு என் கோப்பையில் காப்பி ஊற்றினான். அந்த நன்றி சொன்ன வாயால் அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உங்கள் கம்பெனி குமாஸ்தாவிடம் போய் உன் காகிதத்தை எடுக்கச் சொல்லி எண்ணை மாற்று. நாளைக்குப் பார்க்கலாம் என்று அவன் சொன்னால் அங்கேயே உட்கார்ந்துகொள். ப்ரெக்கே வீட்டு வாசலில் அந்தப் பச்சைக் கார் இன்னொரு தடவை நிற்கக் கூடாது. நம் வீட்டு வாசலிலும் நிற்கக் கூடாதுதான், அது உன் கையிலும் இல்லை என் கையிலும் இல்லை, ஆனால் எண் நம் கையில் இருக்கிறது. கால் ஈரமாகாமல் பார்த்துக்கொள், உலர்ந்த காலுறை ஒன்று எப்போதும் சட்டைக்குள் வைத்துக்கொள், என் விரல் போன கதை உனக்குத் தெரியும். ரோந்தில் முன்னால் போகிறவனாக நீயே கையைத் தூக்காதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அம்மா உனக்கு ஓட்ஸ் பிஸ்கட் சுட்டு டப்பாவில் பாப்கார்னைக் கொட்டி நடுவில் புதைத்து அனுப்புகிறாள், நொறுங்காமல் வரும். நம் வீட்டுத் தபாலையும் இப்போது நான் பையில் போட்டுக்கொண்டு வருவதில்லை. 58-ஆம் பெட்டியில் நிறுத்தி, திறந்து, உள்ளே வைத்து மூடிவிட்டுத்தான் போகிறேன். ஹேஸல் மாதிரி அம்மாவும் நடந்து வந்து எடுக்கட்டும் என்றுதான். இதுவரை உள்ளே வைக்க மின்சாரச் சீட்டும் பால் சங்கக் காகிதமும்தான் இருந்தன.

கடவுள் உன் தலைக்குமேல் கை வைத்திருக்கட்டும். அம்மாவும் மார்லிஸும் உனக்கு முத்தம் அனுப்புகிறார்கள், மெல்வினும் ஹேஸலும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். நாளைக் காலை ஹேஸலின் கடிதமும் இந்தக் கடிதமும் ஒரே பையில், ஒன்றின்மேல் ஒன்றாகப் போகப்போகின்றன. நானே கட்டி அனுப்புவேன். அவளுடையது திரும்பி வந்துவிடும். இது திரும்பி வரக் கூடாது, வெர்லின்.

ரூட் 2, பெட்டி 58. ஒரு வரி எழுது.

உன் அப்பா,
செல்மர் ட்வைட்